டூர் போற பசங்களுக்கு என்ன சொல்லித் தரது? உங்க கேள்வி, எங்க பதில்

போன இதழ்ல "ஸ்கூல் டூர், சுற்றுச்சூழல் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம். டீச்சருங்க, அப்பா அம்மாக்கள், பசங்கன்னு எல்லாரும் எழுதித் தள்ளிட்டாங்க. நீளமான லெட்டரை கொஞ்சம் வெட்டியிருக்கேன், பசங்க எழுதினதுல மட்டும் கை வைக்கலை, ஏன்னா அவங்க கேக்கற விதமே தனி.

கேள்வி: அக்கா, நான் ஆறாம் வகுப்பு டீச்சர். "நிலையான சுற்றுலா"ன்னு, அதாவது போற இடமும் கெடாம, அங்க இருக்கறவங்களும் நல்லா இருக்கற மாதிரி டூர் போறதுன்னு ஒரு பாடம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. போர்டுல விளக்கம் எழுதி முடிக்கறதுக்குள்ள பாதி கிளாஸ் கொட்டாவி விடுது. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

விளக்கத்தை கடைசிக்கு தள்ளுங்க டீச்சர், இல்லன்னா எழுதவே எழுதாதீங்க, பசங்களையே எழுத வைங்க. ஆரம்பத்துல ஒரு கதை வேணும், அதுல ஒரு சண்டை இருக்கணும், அப்பதான் கிளாஸ் முழிச்சிக்கும்.

என்கிட்ட கேட்டா தாய்லாந்து மாயா பே கதைதான் இதுக்கு பெஸ்ட். பீபி லே தீவுல மூணு பக்கமும் பாறைச்சுவர் நிக்கற ஒரு சின்ன கடற்கரை அது. அங்க எடுத்த ஒரு ஹாலிவுட் படம் 2000ல வந்துச்சு, அதுக்கப்புறம் உலகத்துல இருக்கற எல்லாருக்கும் அந்த மணல்ல கால் வெச்சே ஆகணும்னு ஆயிடுச்சு. ஒரு நாளைக்கு 5000 பேர் வரைக்கும் வந்திருக்காங்க, அந்த துக்குளியூண்டு இடத்துக்கு. படகு நங்கூரம் போடற இடத்துலயெல்லாம் பவளப்பாறை உடையுது, இன்ஜின் சத்தம், தண்ணியில எண்ணெய், சன்ஸ்கிரீன், எல்லாம் சேர்ந்து முன்னாடி அங்க சுத்திக்கிட்டிருந்த கருந்துடுப்பு சுறாங்க காணாமப் போயிடுச்சு. 2018 ஜூன்ல அரசாங்கம் மூடிருச்சு. நாலு மாசம்னுதான் முதல்ல சொன்னாங்க, நாலு மாசத்துல பவளப்பாறை எங்க வளரும், தள்ளிக்கிட்டே போயி கடைசில 2022 ஜனவரியிலதான் திறந்தாங்க. நடுவுல ஆளுங்க பவளத்தை கையாலயே நட்டாங்க, சுறாவும் திரும்பி வந்துச்சு. இப்ப படகு முன்பக்கம் வரக்கூடாது, தீவோட பின்பக்கம் கட்டியிருக்கற துறையில நிறுத்திட்டு பலகைப் பாதையில நடந்து வரணும், வருஷத்துல ரெண்டு மாசம் மறுபடியும் மூடி ஓய்வு குடுக்கறாங்க.

இதை சொல்லிட்டு சும்மா இருந்தீங்கன்னா அது கதை நேரம் மாதிரி போயிடும். கிளாஸை பிரிச்சு விடுங்க. ஒரு குரூப் படகுக்காரங்க, ஒரு குரூப் லீவுல வந்திருக்கற குடும்பம், ஒரு குரூப் அரசாங்கம், ஒரு குரூப் சுறா. மூடணுமா வேணாமான்னு பேச விடுங்க. சுறாவுக்கு வந்த பசங்கதான் முதல்ல குதிப்பாங்க, ஆனா படகுக்காரங்க குரூப்ல ஒரு பொண்ணு எழுந்து "மூடிட்டா எங்க வீட்டுக்கு வருமானம் யாரு குடுப்பா"ன்னு கேட்டா பாருங்க, கிளாஸ் அப்படியே அமைதியாயிடும். அந்த கேள்விக்கு ஈஸியான பதில் கிடையாது. நீங்களும் பதில் சொல்லிடாதீங்க ப்ளீஸ். சுறாவும் இருக்கணும், படகுக்காரரும் இருக்கணும், அப்ப என்ன பண்றதுன்னு அவங்களே உருண்டு புரண்டு ஏதாவது கண்டுபிடிக்கட்டும். ஆள் எண்ணிக்கையை குறைக்கலாம், வேற பக்கமா வரலாம், வருஷத்துல கொஞ்ச நாள் மூடலாம்னு அவங்க சொல்ல ஆரம்பிப்பாங்க. அதைத்தான் அங்க நிஜமாவே பண்ணியிருக்காங்கன்னு அப்புறமா சொல்லுங்க.

கேள்வி: பீச்சுல என் பையன் ஒரு பை நிறைய கிளிஞ்சல் பொறுக்கினான். போட்டுட்டு வாடான்னேன், ஓன்னு அழுகை. செத்த ஓடுதானே, அவன் எடுத்தா என்னன்னு வீட்டுக்காரர் கேக்கறார். நான் பண்ணது தப்பா?

தப்பு இல்லம்மா, ஆனா காரணம் சொல்லாம "போட்டுட்டு வா"ன்னா எந்த குழந்தையும் அழத்தான் செய்யும். கையில இருக்கறது புதையல், நீங்க குப்பை மாதிரி கீழ போடச் சொல்றீங்க.

துறவி நண்டு பத்தி சொல்லிப் பாருங்க. அந்த நண்டுக்கு பின்பக்க உடம்பு மெத்துமெத்துன்னு இருக்கும், சுருண்டு இருக்கும், அதுக்குன்னு சொந்த ஓடு கிடையாது. செத்துப்போன நத்தையோட காலி ஓட்டைத்தான் தேடிப் போட்டுக்கும். வளர வளர பெரிய ஓடு வேணும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, கரையில ஒரு நல்ல காலி ஓடு கிடக்குதுன்னு வைங்க, ஒரு நண்டு வந்து பாக்கும், அதுக்கு ஓடு பெரிசா இருந்தா போகாது, பக்கத்துலயே காத்துக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு வரும். இன்னொண்ணு. கொஞ்ச நேரத்துல பெரிசுலேருந்து சின்னது வரைக்கும் வரிசை கட்டி நிக்கும். சரியான சைஸ் நண்டு வந்து காலி ஓட்டுக்குள்ள போனதும் அது கழட்டின ஓட்டுல அடுத்தது, அது கழட்டினதுல அதுக்கடுத்தது, ஒரு நிமிஷத்துல மொத்த வரிசையும் வீடு மாத்திடும். ஆராய்ச்சி பண்றவங்க இதை கண்ணால பாத்து பதிவு பண்ணியிருக்காங்க. இப்ப உங்க பையன்கிட்ட சொல்லுங்க, அந்த முதல் ஓடு உன் பையில இருந்தா அந்த வரிசையில யாருக்குமே வீடு கிடையாதுடான்னு. ஓடு கிடைக்காம பிளாஸ்டிக் மூடிக்குள்ள குடித்தனம் பண்ற நண்டுங்க போட்டோவெல்லாம் உலகம் பூரா நிறைய இருக்கு, ஒண்ணு காட்டுங்க, அதுக்கு மேல நீங்க பேச வேண்டியதே இல்ல.

உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு. அமெரிக்கா அரிசோனாவுல கல்லா மாறின மரங்கள் இருக்கற ஒரு தேசியப் பூங்கா இருக்கு. அங்கேருந்து துண்டு எடுத்துட்டுப் போனவங்க பல பேர் மனசு உறுத்தி, மன்னிப்பு லெட்டரோட தபால்ல திருப்பி அனுப்பறாங்க. ஆனா எந்த இடத்துலேருந்து எடுத்ததுன்னு தெரியாததால அதை பழைய இடத்துல வைக்க முடியாது, ஆராய்ச்சிக்கும் உதவாது, ஒரு ஓரமா குவியலா கொட்டி வெச்சிருக்காங்க. ஒருத்தர் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தார், குவியல் அவ்ளோ பெரிசு.

பையனுக்கு ஏதாவது கொண்டு வரணும்னு ஆசைன்னா கிளிஞ்சலை பேப்பர்ல வெச்சு பென்சிலால சுத்தி வரையச் சொல்லுங்க, கோடு எத்தனை, கலர் என்ன, ஓட்டை எங்க இருக்குன்னு எழுதச் சொல்லுங்க. பையில போட்டுக்கிட்டு வந்த கிளிஞ்சலை வீட்டுக்கு வந்தப்புறம் யாரு பாக்கறாங்க சொல்லுங்க.

கேள்வி: நான் ஏழாம் கிளாஸ். குரங்குக்கு பிஸ்கட் போடாதன்னு எங்க மிஸ் திட்றாங்க. நான் போடற ஒரே ஒரு பிஸ்கட்டால என்ன ஆயிடும்?

தம்பி, உன் ஒரு பிஸ்கட்டால ஒண்ணும் ஆகாதுன்னு நீ நினைக்கிற, உனக்கு பின்னாடி வர்ற பஸ்ல இருக்கற 50 பேரும் அதையேதான் நினைக்கறாங்க.

பாலித் தீவுல உலுவத்துன்னு ஒரு கோயில் இருக்கு. அங்க இருக்கற குரங்குங்க வர்றவங்களோட கண்ணாடி, தொப்பி, செருப்பு, போனு எல்லாத்தையும் பறிச்சுக்கும், தின்ன ஏதாவது குடுத்தாதான் திருப்பிக் குடுக்கும். இது ஜோக் இல்ல, விஞ்ஞானிங்க வருஷக்கணக்குல உக்காந்து கவனிச்சு 2021ல எழுதியிருக்காங்க. பெரிய குரங்குங்க எந்த பொருளுக்கு மனுஷங்க அதிகமா பதறுவாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அதையே குறி வெச்சு திருடுது. குட்டிங்களுக்கு அது தெரியாது, வளர வளரத்தான் கத்துக்குது. யாரு சொல்லிக் குடுத்தா? நாமதான், தின்பண்டம் காட்டிக் காட்டி.

சிரிப்பா இருக்கு இல்ல, ஆனா இதோட இன்னொரு பக்கம் அவ்ளோ நல்லா இல்ல. அமெரிக்காவுல எல்லோஸ்டோன்னு ஒரு தேசியப் பூங்கா இருக்கு, அங்க ஒரு காலத்துல கரடிங்க ரோட்டோரமா வந்து கார் கண்ணாடி வழியா தின்பண்டம் வாங்கி சாப்பிடும், ஜனங்க அதைப் பாக்கவே போவாங்க. அப்படி பழகின கரடி ஒரு நாள் தின்பண்டம் இல்லாத ஆள்கிட்ட வந்து அடிச்சிடும். அப்புறம் கரடியைத்தான் சுடுவாங்க, சாப்பாடு குடுத்தவரை இல்ல. 1970 வாக்குல இதையெல்லாம் கண்டிப்பா நிறுத்தினாங்க, இப்ப அங்க கரடிகிட்டேருந்து 91 மீட்டர் தள்ளித்தான் நிக்கணும். உங்க ஸ்கூல் கிரவுண்டுல 91 மீட்டரை அளந்து பாரு, எவ்ளோ தூரம்னு தெரியும்.

இன்னொண்ணு, காட்டுல பழம் தின்னுட்டு கொட்டையை அங்கங்க போட்டு மரம் வளக்கறதே குரங்குதான். ரோட்டோரமா பிஸ்கட்டுக்காக உக்காந்துட்டா அந்த வேலையை யாரு பாப்பாங்க, நீயா?

கேள்வி: வாழைப்பழத் தோல், ஆப்பிள் துண்டு எல்லாம் மக்கிடும்தானே, வெளிய வீசினா தப்பா?

மக்கும், ஆனா நீங்க நினைக்கற வேகத்துல இல்ல, குளிர்ல, வறண்ட மலையில, கல்லு மேல கிடந்தா மாசக்கணக்குல அப்படியே இருக்கும். வண்டியிலேருந்து வீசினா எலி வரும், எலியைத் தேடி ஆந்தை வரும், ஆந்தை மேல வண்டி ஏறும். பையில ஒரு டப்பா வெச்சுக்கங்க, அவ்ளோதான்.

கேள்வி: எங்க தொட்டோம், சும்மா பாக்கத்தானே செய்யறோம், அதுல என்ன கெடுதல்னு என் மாணவன் ஒருத்தன் கேட்டான். சட்டுன்னு பதில் வரலை.

அருமையான கேள்வி, அந்தப் பையனுக்கு ஒரு சபாஷ் சொல்லிடுங்க.

பிரான்ஸ்ல லாஸ்கோன்னு ஒரு குகை இருக்கு. 1940ல கண்டுபிடிச்சதே நாலு பசங்கதான், உங்க மாணவனை விட கொஞ்சம் பெரியவங்க. உள்ள சுவர் பூரா காளை, குதிரை, மான், சுமார் 17000 வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சது, கலர் அப்படியே இருந்துச்சு. 1948ல பொதுமக்களுக்கு திறந்தாங்க. தினமும் ஆயிரத்துக்கு மேல ஆளுங்க வந்தாங்க, யாரும் தொடலை, கிறுக்கலை, வரிசையில நின்னு பாத்துட்டுப் போனாங்க. மூச்சு மட்டும்தான் விட்டாங்க. அந்த மூச்சுல இருக்கற கார்பன் டை ஆக்சைடு, ஈரம், உடம்புச் சூடு, கூடவே லைட்டு, எல்லாம் சேர்ந்து சுவத்துல பச்சைப் பாசி படிய ஆரம்பிச்சுது, அப்புறம் வெள்ளையா ஒரு படிவு. 17000 வருஷம் தாங்கின ஓவியம் 15 வருஷத்துல கெட்டுப்போக ஆரம்பிச்சுது. 1963ல மூடிட்டாங்க. இப்ப போறவங்க பக்கத்துல அச்சு அசலா கட்டின நகலைத்தான் பாக்கறாங்க, முதல் நகலை 1983ல திறந்தாங்க.

கிளாஸ்ல இதைப் புரிய வைக்க ஒரு கண்ணாடி போதும். ஒரு பையனைக் கூப்பிட்டு கண்ணாடி மேல ஹான்னு ஊதச் சொல்லுங்க, மங்கும். ஒரு நிமிஷத்துல சரியாயிடும். அடுத்து மொத்த கிளாஸும் வரிசையா வந்து ஒருத்தர் விட்ட உடனே அடுத்தவர் ஊதட்டும். தண்ணி வழிய ஆரம்பிக்கும். ஒருத்தர் பண்ணா சரியாயிடுது, விடாம பண்ணா சரியாக நேரமே கிடைக்கலைங்கறதை நீங்க வாயால சொல்லவே வேணாம். அதோட இந்த நம்பரையும் போர்டுல எழுதுங்க, 1950ல ஒரு நாட்டுலேருந்து இன்னொரு நாட்டுக்கு சுற்றுலா போனவங்க கணக்கு சுமார் 2.5 கோடி, 2019ல சுமார் 146 கோடி. எத்தனை மடங்குன்னு கணக்கு டீச்சர்கிட்ட விட்டுடுங்க.

கேள்வி: வருஷா வருஷம் பசங்களை கூட்டிட்டுப் போயி கடற்கரையில குப்பை பொறுக்கறோம், போட்டோ எடுத்து போடறோம். அடுத்த வருஷம் அதே குப்பை. பிரயோஜனம் இருக்கா அக்கா?

போட்டோவுக்கு மட்டும்னா இல்ல. இருக்கற மாதிரி பண்ணலாம்.

பொறுக்கின உடனே மூட்டை கட்டி அனுப்பிடறீங்க பாருங்க, அங்கதான் பாடம் கைநழுவிப் போகுது. ஒரு பழைய துணியை விரிச்சு குப்பையை கொட்டி பிரிக்கச் சொல்லுங்க. மூடி தனியா, ஸ்ட்ரா தனியா, சிகரெட் துண்டு தனியா, தின்பண்ட கவர் தனியா, வலைத் துண்டு தனியா. எண்ணுங்க. எண்ணி எழுதுங்க. 1986ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு இப்ப உலகம் பூரா வருஷா வருஷம் நடக்கற கடற்கரை சுத்தப்படுத்தற வேலையில இதைத்தான் பண்றாங்க, ஒவ்வொண்ணா எண்ணி அட்டையில எழுதுவாங்க. ரொம்ப வருஷமா சிகரெட் துண்டுதான் முதல் இடத்துல இருந்துச்சு, 2019 கணக்குல முதல் தடவையா தின்பண்ட கவர் அதைத் தாண்டிடுச்சு. இப்படி எண்ணி வெச்சதாலதான் இதெல்லாம் பேச முடியுது.

எண்ணினா பசங்களுக்கு தானா அடுத்த கேள்வி வரும். இது எங்கேருந்து வந்துச்சு? கவர் மேல பேரு இருக்கும், எழுத்து அழிஞ்சிருந்தாலும் கலரை வெச்சே கண்டுபிடிச்சிடுவாங்க, அதுல நம்மளை விட கெட்டிக்காரங்க. அதுல எத்தனை நம்ம ஸ்கூல்லயே தின்னறதுன்னு பாக்கட்டும் (இந்த இடத்துல கொஞ்சம் சங்கடமா சிரிப்பு வரும், வரட்டும்). அப்புறம் அந்த லிஸ்டை வெச்சுக்கிட்டு கவர் போடற கம்பெனிக்கோ, கடற்கரையை பாத்துக்கற ஆபீசுக்கோ லெட்டர் எழுத வைங்க. "கடலை காப்பாத்துங்க"ன்னு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, "இந்த தேதியில இந்த இடத்துல உங்க கவர் இவ்ளோ கிடந்துச்சு"ன்னு எழுதினா படிச்சுத்தான் ஆகணும்.

பசங்க பேச்சு எங்க எடுபடும்னு யாராவது சொன்னா பாலியில மெலாட்டி, இசபெல்னு ரெண்டு அக்கா தங்கச்சி கதையைச் சொல்லுங்க. 2013ல பெரியவளுக்கு 12, சின்னவளுக்கு 10 வயசு, பிளாஸ்டிக் பைக்கு எதிரா ஆரம்பிச்சாங்க. கையெழுத்து வாங்கினாங்க, கடை கடையா ஏறி இறங்கினாங்க, 2019ல அந்தத் தீவுல ஒரு தடவை தூக்கி எறியற பிளாஸ்டிக் பைக்கு தடை வந்துச்சு. ஆறு வருஷம் ஆச்சுங்கறதையும் சேத்துச் சொல்லுங்க. நாளைக்கே எல்லாம் மாறிடும்னு நம்ப வெச்சா அடுத்த மாசமே விட்டுடுவாங்க.

கையுறை கட்டாயம், கண்ணாடித் துண்டு ஊசியெல்லாம் பெரியவங்க மட்டும் எடுக்கணும், இதை நான் சொல்லணும்னு இல்ல.

கேள்வி: எங்க பொண்ணு நாலாவது படிக்கறா. விமானத்துல போனா பூமி சூடாயிடும்னு ஸ்கூல்ல சொன்னாங்களாம், லீவுக்கு டிக்கெட் போட்டதுலேருந்து ராத்திரி அழறா. என்ன சொல்லி சமாதானப்படுத்தறது?

முதல்ல "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா"ன்னு சொல்லாதீங்க, ஏன்னா இருக்கு. 2018ல வந்த ஒரு பெரிய ஆய்வு, உலகத்துல வெளியேறற பசுமை இல்ல வாயுவுல சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால வருதுன்னு கணக்கு போட்டுச்சு, போக்குவரத்து மட்டுமில்ல, சாப்பாடு, ஷாப்பிங் எல்லாம் சேத்து. பொண்ணு கேட்டது நிஜம்தான். பொய் சொன்னா நாளைக்கு நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டா.

ஆனா நாலாவது படிக்கற குழந்தை தலையில அந்த பாரத்தை வெச்சது ரொம்ப தப்பு. டிக்கெட் போட்டது நீங்க, அவ இல்ல. "இது பெரியவங்க யோசிக்க வேண்டிய விஷயம், நாங்க யோசிக்கறோம்"னு தெளிவா சொல்லுங்க, சொன்ன மாதிரி நிஜமாவே யோசிங்க. ரெண்டு தடவை பறக்கறதுக்கு பதிலா ஒரு தடவை போயி கூட நாள் தங்கலாம், போன இடத்துல ரயில், பஸ், நடைன்னு சுத்தலாம், அடுத்த லீவுக்கு ரயில் போற தூரத்துல ஒரு இடம் பாக்கலாம். அந்த அடுத்த இடத்தை தேர்ந்தெடுக்கற பொறுப்பை அவகிட்ட குடுத்துப் பாருங்க, மேப்பை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துடுவா, அழுகை கொஞ்சம் கொஞ்சமா குறையும்.

டீச்சருங்களுக்கும் இந்த சாக்குல ஒண்ணு சொல்லிடறேன். சின்னப் பசங்களுக்கு அவங்க கைக்கு எட்டற விஷயத்தை மட்டும் குடுங்க. குழாயை மூடறது, பாட்டில் எடுத்துட்டு வரது, பாதையை விட்டு இறங்காம நடக்கறது, இந்த மாதிரி. துருவக் கரடி சாகறதை ஸ்லைடுல போட்டு பயமுறுத்திட்டு மணி அடிச்சதும் போயிடறது பாடமே இல்ல.

கேள்வி: இவ்ளோ கெடுதல்னா யாருமே சுற்றுலா போகாம இருந்தா நல்லதுதானே? (ஒன்பதாம் வகுப்பு)

சில இடத்துக்கு ஆமா. எல்லா இடத்துக்கும் இல்லம்மா.

மலை கொரில்லாவை எடுத்துக்கோ. ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லை மலைக்காட்டுல மட்டும்தான் இருக்கு. 1980கள் ஆரம்பத்துல விருங்கா மலைப்பகுதியில எண்ணினப்ப 250 தான் இருந்துச்சு. இப்ப மொத்தமா ஆயிரத்துக்கு மேல, 2018ல அழியற "மிக அபாய"த்துல இருக்கற விலங்குங்க பட்டியல்லேருந்து ஒரு படி கீழ இறக்கியிருக்காங்க. இதுக்கு காவலாளிங்க, கால்நடை டாக்டருங்க, எத்தனையோ பேர் உழைச்சிருக்காங்க, சிலர் உயிரையே குடுத்திருக்காங்க, ஆனா பணத்துல ஒரு பெரிய பங்கு பாக்க வர்றவங்க குடுக்கறது. ருவாண்டாவுல வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் ஒரு தடவை போயி பாக்க 1500 டாலர். ஒரு கொரில்லா குடும்பத்தைப் பாக்க ஒரு நாளைக்கு எட்டு பேர், ஒரு மணி நேரம், அவ்ளோதான். சளி காய்ச்சல்னா உள்ள விட மாட்டாங்க, ஏன்னா நம்ம சளி அதுக்கும் ஒட்டிக்கும், நமக்கு மூக்கு ஒழுகறதோட போயிடும், அதுக்கு உயிரே போகலாம். பூங்கா வருமானத்துல 10 சதவீதம் சுத்தி இருக்கற கிராமங்களுக்குப் போகுது, ஸ்கூல், ஆஸ்பத்திரி, தண்ணி வசதி. கொரில்லா உயிரோட இருந்தாதான் நம்ம புள்ளைக்கு ஸ்கூலுன்னு ஊருக்குத் தெரிஞ்சா கண்ணி வைக்க வர்றவனை ஊரே தடுக்கும்.

சரி, இதுல குறையே இல்லையா? இருக்கு. 1500 டாலர் குடுக்க முடிஞ்சவங்க மட்டும்தான் இயற்கையைப் பாக்கணுமான்னு நீ கேட்டா என்கிட்ட நல்ல பதில் இல்ல. ஆனா கூட்டத்தைக் குறைச்சு, வந்த காசு ஊருக்குப் போற மாதிரி பண்ணா சுற்றுலாவே காட்டைக் காப்பாத்தும்ங்கறது மட்டும் உண்மை.

உங்க கிளாஸ்ல ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்க. பேப்பர்ல 100 காசு வெட்டுங்க. ஒரு டூர் செலவுன்னு வெச்சுக்கிட்டு, யாரு யாருக்கு எத்தனை காசு போகுதுன்னு டேபிள் மேல பிரிச்சு வைங்க, விமான கம்பெனி, பெரிய ஹோட்டல், டிக்கெட் புக் பண்ற ஆப், வழிகாட்டி, படகுக்காரர், தெருவுல பொம்மை விக்கற பாட்டி. பாட்டி முன்னாடி எத்தனை காசு இருக்குன்னு பாருங்க. அப்புறம் அதே 100 காசை எப்படி மாத்தி செலவு பண்ணா பாட்டிக்கும் வழிகாட்டிக்கும் கூட போகும்னு யோசிங்க. நீங்க கூட்டமா போயி நின்ன இடத்துல குப்பையும் சத்தமும் அவங்களுக்கு, காசு மட்டும் வேற எங்கியோன்னா அவங்க எதுக்கு உங்களைப் பாத்து சிரிக்கணும்?

கேள்வி: என் தங்கச்சி போன்ல ஒரு குட்டி விலங்கு கையைத் தூக்கிட்டு கிச்சுகிச்சு மூட்டிக்கற வீடியோ பாத்துட்டே இருக்கா. டூர் போற இடத்துல அதோட போட்டோ எடுத்துக்கலாம்ங்கறா. நல்லாதானே இருக்கு?

அது தேவாங்கு இனம். அது கையைத் தூக்கறது சந்தோஷத்துல இல்ல, பயத்துல. அதோட முழங்கை உள்பக்கம் ஒரு சுரப்பி இருக்கு, கையைத் தூக்கி அதுல வர்றதை எச்சிலோட கலந்தா விஷம். "கிட்ட வந்தா கடிச்சிடுவேன்"ங்குது, நம்ம ஜனங்க "ஐயோ க்யூட்"ங்கறாங்க. வித்து போட்டோ எடுக்க வெச்சிருக்கறவங்க பல நேரம் அதோட பல்லையே வெட்டி விட்டுடறாங்க. தங்கச்சிகிட்ட இதைச் சொல்லு, வீடியோவை மறுபடியும் ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லு, இந்த தடவை கண்ணை மட்டும் பாக்கட்டும்.

காட்டு விலங்கை கையில வெச்சுக்கிட்டு போட்டோ எடுக்கலாம்னு எங்க சொன்னாலும் போகாதீங்க. தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுத்துக்கலாம். ஈக்வடார் நாட்டோட கலபகோஸ் தீவுல ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும்னு ரூலே இருக்கு, அங்க இருக்கற விலங்குங்க பயப்படாம கிட்டயே வந்தாலும் நீங்கதான் பின்னாடி நகரணும்.

கேள்வி: சன்ஸ்கிரீன் பவளத்தைக் கொல்லுமா?

அதுல இருக்கற சில ரசாயனங்க பவளத்துக்கு ஆகாதுன்னு பசிபிக் தீவு நாடான பலாவ் 2020லயும் ஹவாய் 2021லயும் தடை போட்டுச்சு. பசங்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டு விட்டா கிரீம் பாதியா குறையும். ஆனா பவளம் வெளுத்துப் போறதுக்கு பெரிய காரணம் கடல் சூடாகறதுதான், கிரீமை மாத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க.

கேள்வி: டூர் போறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம் கிளாஸ்ல பண்ற மாதிரி ஏதாவது சின்ன வேலை சொல்லுங்க. செலவில்லாம.

சாக்ஸ் வேலை ஒண்ணு இருக்கு, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிய பழைய சாக்ஸை ஷூவுக்கு மேல மாட்டிக்கிட்டு புல்வெளியில, செடி கொடி நடுவுல ஒரு சுத்து நடக்கட்டும். திரும்பி வந்து சாக்ஸை கழட்டி அப்படியே ஒரு தட்டு மண்ணுல படுக்க வெச்சு தினமும் தண்ணி தெளிங்க. கொஞ்ச நாள்ல சாக்ஸ்லேருந்து செடி முளைக்கும். யாரும் விதை போடலை, யாரும் எடுத்துட்டு வரலைன்னு நினைச்சாங்க, ஆனா காலுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அன்டார்டிகா போறவங்களோட பாக்கெட்டு, ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) எல்லாம் ஏன் வேக்கூம் போட்டு உறிஞ்சறாங்க, பூட்ஸை ஏன் கழுவ வைக்கறாங்கன்னு அப்ப கேளுங்க, கையைத் தூக்காத பையனே இருக்க மாட்டான்.

போறதுக்கு முன்னாடி உறுதிமொழி எழுத வைக்கலாம். பலாவ்னு பசிபிக் கடல்ல 20000 பேர் கூட இல்லாத நாடு, அங்க 2017 டிசம்பர்லேருந்து வர்ற ஒவ்வொருத்தரோட பாஸ்போர்ட்லயும் ஒரு உறுதிமொழியை முத்திரையா குத்தறாங்க, கையெழுத்து போட்டாதான் உள்ள விடுவாங்க. அதை எழுத அந்த ஊர் பசங்களும் உதவினாங்க, உறுதிமொழியே பலாவ் குழந்தைங்களைப் பாத்து சொல்ற மாதிரிதான் இருக்கும். உங்க கிளாஸும் ஒண்ணு எழுதட்டும், ஆனா ஒரு கண்டிஷன், "காப்போம்", "போற்றுவோம்", "மதிப்போம்" மூணும் கூடாது. கேமராவுல படம் எடுக்கற மாதிரியான வேலையா இருக்கணும். "குரங்கு கிட்ட வந்தா பையை மூடிட்டு நகர்ந்துடுவேன்" சரி. "இயற்கையை நேசிப்பேன்" அடிச்சிடுங்க. பஸ் ஏறும்போது எல்லாரும் கையெழுத்து போடட்டும், டிரைவர் உட்பட.

கேள்வி: அக்கா, பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வந்தா ஃபைன்னு எங்க ஸ்கூல்ல ரூல். ஆனா டூர்ல எங்க சார்தான் வழி பூரா பாட்டில் வாங்கி குடிச்சார். கேட்டா எதிர்த்துப் பேசறேங்கறார். (எட்டாம் வகுப்பு, பேர் போடாதீங்க ப்ளீஸ்)

பேர் போடலை. சார் பேரும் போடலை. இந்தப் பக்கத்தை கிழிச்சு ஸ்டாஃப் ரூம் நோட்டீஸ் போர்டுல யாரும் இல்லாத நேரமா பாத்து குத்திடு, மத்ததை அவங்க பாத்துப்பாங்க.